நாற்காலி கிடைத்தது, மரியாதை கிடைத்ததா?

2018-ஆம் ஆண்டு மே 19, சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் சூப்பர்ஸ்போர்ட் தொலைக்காட்சி. ஜோகன்னஸ்பர்க் நகரின் லயன்ஸ் அணி, ஆஸ்திரேலியாவின் பிரம்பீஸ் அணியை ரக்பி ஆட்டத்தில் வென்றிருந்தது. ஆட்டத்தை அலசும் நிகழ்ச்சி நேரடியாக ஒளிபரப்பாகிக் கொண்டிருந்தது. நிகழ்ச்சியை நடத்தும் பெண்மணி ஒருவர். அவருடன் முன்னாள் வீரர்கள் மூவர். அவர்களில் இருவர் வெள்ளையர். மூன்றாமவர் கலப்பினத்தவர். பெயர் ஆஷ்வின் வில்லெம்சே.

அவருடைய முறை வந்தது. ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "நான் ஆடிய காலத்தில் என்னை நெடுநாள் 'கோட்டா ஆட்டக்காரன்' என்றார்கள். இன்று எனக்கிருக்கும் மரியாதையைக் கடுமையாக உழைத்துத்தான் சம்பாதித்தேன். நிறவெறிக் காலத்தில், பிரிக்கப்பட்ட ரக்பியில் ஆடிய இந்த இருவரும் என்னைக் கீழாக நடத்துவதை நான் இங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்" என்ற பொருளில் சில வார்த்தைகள் சொன்னார். எழுந்தார். நடந்தார். கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. நாடு பார்த்துக்கொண்டிருந்தது. நாற்காலி காலியாகக் கிடந்தது.

அன்புச் சகோதரர்களே! நமக்கு ரக்பி பழக்கமில்லாத ஆட்டம். பக்கத்துக்கு 15 பேர், முட்டை வடிவப் பந்து, மோதல், ஓட்டம். அந்த ஆட்டத்தின் ஒரு வர்ணனையாளர் நாற்காலியை விட்டு எழுந்து போனதில் நமக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஆட்டத்தை விட்டுவிடுங்கள். அந்த நாற்காலியைப் பாருங்கள். மூடிய கதவைத் தட்டித் தட்டித் திறந்து உள்ளே போன ஒவ்வொருவரும் ஒருநாள் உட்கார வேண்டிய நாற்காலி அது.

90 ஆண்டுகள் ஒரே நிறம்

தென்னாப்பிரிக்கா முதல் ரக்பி டெஸ்ட் ஆடியது 1891-ல். அந்த அணிக்காக வெள்ளையர் அல்லாத ஒருவர் முதன்முதலாக டெஸ்ட் ஆடியது 1981-ல். இடையே 90 ஆண்டுகள்! அந்த நாட்டின் கறுப்பர்களுக்கும் கலப்பினத்தவர்களுக்கும் இந்தியர்களுக்கும் ஆடத் தெரியாதா? நன்றாகவே தெரியும். 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே அவர்கள் தங்களுக்கென்று சங்கங்கள் வைத்து ஆடி வந்தார்கள். டச்சுக்காரர்கள் ஆசியாவிலிருந்து அடிமைகளாகவும் கைதிகளாகவும் கப்பலேற்றிக் கொண்டுவந்த முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் வாழும் கேப்டவுன் தெருக்களில், தலைமுறை தலைமுறையாக ரக்பிதான் இளைஞர்களின் உயிர்.

ஆனால் நாட்டின் அணி அவர்களுக்கு இல்லை. ஸ்பிரிங்பாக் மான் சின்னம் பொறித்த சட்டை வெள்ளையருக்கு மட்டுமே. 1948-ல் நிறவெறி ஆட்சி வந்த பிறகு அது சட்டத்தின் துணையோடு இறுகியது. யார் எந்த இனம் என்று பதிவேட்டில் எழுதினார்கள். யார் எந்தத் தெருவில் குடியிருப்பது என்று வரையறுத்தார்கள். மைதானத்திலும் கோடு கிழித்தார்கள். வெள்ளையர் அல்லாத ரசிகர்கள் தனி அடைப்பில் நின்று பார்த்தார்கள். அவர்களில் பலர், வெளிநாட்டு அணி வந்தால் அந்த அணிக்கே கை தட்டினார்கள். சொந்த நாட்டு அணி தோற்க வேண்டும் என்று ஒரு மக்கள் கூட்டம் ஏங்கியது என்றால், அந்த நாடு அவர்களை எப்படி வைத்திருந்தது என்று எண்ணிப் பாருங்கள்!

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். நாட்டின் அணியில் ஒரு சிறுபான்மை இனத்துக்கு 90 ஆண்டுகள் 100 சதவீத இடம். இதற்குப் பெயர் என்ன? ஒதுக்கீடு அல்லவா? ஆனால் அந்த 90 ஆண்டுகளில் ஆடிய எந்த வெள்ளை வீரரையும் யாரும் 'கோட்டா ஆட்டக்காரர்' என்று அழைத்ததில்லை. அதற்குப் 'பாரம்பரியம்' என்று பெயர். 'தகுதி' என்று பெயர். கதவு திறந்து ஒரு கறுப்பு இளைஞன் உள்ளே நுழைந்த நாளில்தான் 'கோட்டா' என்ற சொல்லே அவர்கள் அகராதியில் வசைச் சொல்லாக ஏறியது.

ஒரே ஊர், இரண்டு பிள்ளைகள்

கேப்டவுனுக்குக் கிழக்கே கேலடன் என்று ஒரு சிற்றூர். 1981-ல் அயர்லாந்துக்கு எதிராக ஆடி, தென்னாப்பிரிக்க டெஸ்ட் அணியின் முதல் வெள்ளையரல்லாத வீரரான எரோல் டோபியாஸ் பிறந்தது அங்கேதான். அவர் ஆடியது 6 டெஸ்ட்கள். ஆறிலும் அணி வென்றது. இருந்தும் என்ன? உலகத்தின் கண்ணைக் கட்டுவதற்காக நிறுத்திய பொம்மை என்றார்கள் ஒரு பக்கம். நிறவெறி ஆட்சிக்கு விலை போனவர் என்றார்கள் சொந்த மக்களில் பலர் மறுபக்கம். இரண்டு கன்னத்திலும் அறை வாங்கிய மனிதர் அவர்.

சொந்த மக்களின் கோபத்திலும் நியாயம் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. இனப் பாகுபாடற்ற ரக்பிக்காகத் தனிச் சங்கம் நடத்தியவர்கள், 'நாடு நேராகாமல் விளையாட்டு நேராகாது' என்று உறுதியாக நின்றார்கள். அந்தச் சங்கத்தின் கடைசித் தலைவர் இப்ராஹிம் பட்டேல். 1988-ல் ஹராரே நகரில், தடை செய்யப்பட்டிருந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர்களோடு, வெள்ளையர் ரக்பியின் பெருந்தலைவர் டேனி கிரேவனும் இப்ராஹிம் பட்டேலும் ஒரே மேசையில் அமர்ந்து பேசினார்கள். 1992-ல் இரண்டு சங்கங்களும் ஒன்றாயின. கிரேவனும் பட்டேலும் இணைத் தலைவர்கள் ஆனார்கள். இந்த வரலாற்றில் பட்டேலின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? 1995 உலகக் கோப்பையில் ஸ்பிரிங்பாக் சட்டை அணிந்து நின்ற மண்டேலாவை உலகமே அறியும். அந்தச் சட்டைக்கு முன்னால் நடந்த பேச்சுவார்த்தைகளை அறிந்தவர் சிலரே.

டோபியாஸ் முதல் டெஸ்ட் ஆடிய அதே 1981-ல், அதே கேலடன் ஊரில் பிறந்தவர்தான் ஆஷ்வின் வில்லெம்சே. வறுமையில் வளர்ந்தார். சிறு வயதிலேயே போதைப் பொருளும் அடிதடிக் கும்பலும் அவரைப் பிடித்துக்கொண்டன. இதை அவர் பின்னாளில் மறைக்கவில்லை. தானே ஊரறியச் சொன்னார். அந்தப் படுகுழியிலிருந்து அவரைத் தூக்கியது ரக்பி.

2003-ல் நாட்டுக்காக முதல் டெஸ்ட் ஆடினார். அந்த ஆண்டே தென்னாப்பிரிக்காவின் சிறந்த ரக்பி வீரர் விருது அவருக்கு! சிறந்த இளம் வீரர் விருதும் அவருக்கே. வீரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விருதும் அவருக்கே. களத்தில் தோளோடு தோள் மோதியவர்கள் கொடுத்த சான்றிதழ் அது. அதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்? ஆனாலும் 'கோட்டா' என்ற சொல் அவர் முதுகை விட்டு இறங்கவில்லை.

அந்த 2003-ல்தான் உலகக் கோப்பைக்கான பயிற்சி முகாமில், கலப்பின வீரர் ஒருவரோடு ஒரே அறையில் தங்க வெள்ளை வீரர் ஒருவர் மறுத்தார் என்ற புகார் எழுந்து நாட்டையே உலுக்கியது. நிறவெறி காரணம் என்று விசாரணையில் நிரூபணமாகவில்லை. மண்டேலா விடுதலையாகி 13 ஆண்டுகள் கழிந்த பின்னும் அப்படியொரு புகார் எழக் கூடிய சூழ்நிலையில்தான் வில்லெம்சே அந்தச் சட்டையை அணிந்தார் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அவர் ஆடியது 19 டெஸ்ட்கள். காயங்கள் அடிக்கடி அவரை வெளியே உட்கார வைத்தன. 2007-ல் உலகக் கோப்பையை வென்ற அணியில் அவரும் இருந்தார். ஆட்டத்தை விட்ட பிறகு தொலைக்காட்சிக்கு வந்தார்.

ஓரத்தில் ஓடலாம், நடுவில் நின்று சொல்லலாமா?

சகோதரர்களே, இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

ரக்பியில் 'விங்' என்று ஓர் இடம் உண்டு. மைதானத்தின் இரு ஓரங்களில் நிற்பவர்கள். பந்து கைக்கு வந்தால் கோட்டை நோக்கிப் பறக்க வேண்டும். ஆட்டம் எந்தத் திசையில் போக வேண்டும் என்று முடிவு செய்வது பெரும்பாலும் அவர்கள் அல்ல, நடுவில் நிற்பவர்கள்.

1995 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்க அணியில் வெள்ளையர் அல்லாதவர் ஒரே ஒருவர், செஸ்டர் வில்லியம்ஸ். நின்ற இடம் விங். 2007 இறுதி ஆட்டத்தில் இறங்கிய 15 பேரில் இருவர், பிரயன் ஹபானாவும் ஜே.பி. பீட்டர்சனும். நின்ற இடம் இரண்டு பக்கத்து விங்குகள். நமது வில்லெம்சே? அவரும் விங்! இதெல்லாம் தற்செயலா? அவர்கள் வேகமானவர்கள், அதனால் ஓரத்தில் நிறுத்தினோம் என்பார்கள். வேகம் உண்மை. ஹபானா அந்த உலகக் கோப்பையில் 8 டிரை அடித்து, நியூசிலாந்தின் ஜோனா லோமு வைத்திருந்த சாதனையைத் தொட்டார். ஆனால் கால் மட்டும்தான் இவர்களுக்கு உண்டு, தலை வேறொருவருக்கு என்ற எண்ணம் அந்தத் தேர்வுகளுக்குள் ஒளிந்திருக்கவில்லை என்று யார் சத்தியம் செய்வார்கள்?

இப்போது தொலைக்காட்சி மேசைக்கு வாருங்கள். வர்ணனையாளரின் வேலை ஓடுவது அல்ல, சொல்வது. இந்த வியூகம் ஏன் வென்றது, அந்தத் தலைவன் எங்கே தவறினான் என்று நாட்டு மக்களுக்குத் தீர்ப்புச் சொல்வது. அது ஆட்டத்தின் நடு இடம். காலின் திறமையை ஒப்புக்கொள்வது எளிது. கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தால் புள்ளி விழுந்தே தீரும், யாராலும் மறைக்க முடியாது. சொல்லின் திறமைக்கு அப்படிப் புள்ளிப் பலகை கிடையாது. பக்கத்தில் இருப்பவர் தலையசைத்தால்தான் உங்கள் சொல்லுக்கு எடை. அவர் புன்னகையோடு கடந்து போனால் உங்கள் சொல் காற்றில் போகும்.

அந்த மேசையில் வில்லெம்சேயோடு அமர்ந்திருந்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. நாஸ் போத்தா 28 டெஸ்ட்களில் 312 புள்ளி குவித்தவர், தென்னாப்பிரிக்க ரக்பியின் பெரும் பெயர். நிக் மாலெட் 1984-ல் நாட்டுக்காக ஆடியவர்; 1997 முதல் 2000 வரை பயிற்சியாளர்; அவர் காலத்தில் அணியின் தொடர் வெற்றி 17 டெஸ்ட்களை எட்டியது. அறிவாளிகள், அனுபவசாலிகள். அவர்கள் மறுக்க முடியாத ஒரே உண்மை, அவர்கள் ஆடத் தொடங்கிய காலத்தில் நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் போட்டிக்கே வரவிடாமல் தடுக்கப்பட்டிருந்தார்கள் என்பது. அது அவர்கள் போட்ட சட்டம் அல்ல. ஆனால் 'நீ தகுதியால் வந்தாயா, ஒதுக்கீட்டால் வந்தாயா?' என்ற கேள்வி அவர்களை ஒருநாளும் தொட்டதில்லை. வில்லெம்சேயை அது ஒருநாளும் விட்டதில்லை. ஒரே மேசை, ஒரே உயர நாற்காலிகள். ஆனால் ஒருவர் முதுகில் மட்டும் மூட்டை!

நியாயமாகப் பேசுவோம்

ஒளிபரப்புக்கு வெளியே அன்று அந்த மூவருக்கும் இடையே நடந்த பேச்சுதான் தீப்பொறி. மாலெட்டும் போத்தாவும் இனவெறிக் குற்றச்சாட்டை மறுத்தார்கள். வின்சென்ட் மலேகா என்ற மூத்த வழக்கறிஞரைக் கொண்டு நிறுவனம் விசாரணை நடத்தியது. அந்த இருவரும் இனவெறியோடு நடந்துகொண்டதற்கு ஆதாரம் இல்லை என்று அவர் முடிவு சொன்னார். வில்லெம்சே அந்த விசாரணையில் பங்கெடுக்கவில்லை. அந்த ஆண்டே அவருக்கும் நிறுவனத்துக்கும் இருந்த தொடர்பு முறிந்தது.

இந்த முடிவை மறைத்துவிட்டு வில்லெம்சேக்கு மாலை போட்டால் அது நேர்மை ஆகாது. ஆதாரமில்லாமல் இரு மனிதர்கள் மீது இனவெறி முத்திரை குத்துவதும் அநியாயமே. பாதிக்கப்பட்டவன் பக்கம் நிற்கிறோம் என்பதற்காக மற்றவனுக்குரிய நீதியை மறுக்க நமக்கு உரிமை கிடையாது.

ஆனால் ஒன்று கேட்போம். விசாரணை எதை அளக்கும்? அன்று மாலை என்ன சொல்லப்பட்டது என்பதை அளக்கும். 15 ஆண்டுகளாக ஒரு மனிதன் காதில் விழுந்துகொண்டே இருந்ததை எந்தத் தராசில் நிறுப்பது? வசைச் சொல் என்றால் சாட்சி கிடைக்கும். குறுஞ்சிரிப்புக்குச் சாட்சி ஏது? 'சரி, நீயும் கொஞ்சம் பேசு' என்ற தொனிக்குச் சாட்சி ஏது? அந்த மேசையில் அப்படித்தான் நடந்தது என்று நாம் சொல்லவில்லை. இப்படிப்பட்ட காயங்கள் எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை என்றுதான் சொல்கிறோம்.

ஆகவே எங்கள் கருத்து இரண்டு. வில்லெம்சே எழுந்து போனது சரி. தன் மானம் மிதிபடுகிறது என்று உணர்ந்த மனிதன், சம்பளத்துக்காக உட்கார்ந்திருக்கக் கடமைப்பட்டவன் அல்ல. ஆனால் விசாரணைக்கு வராமல் இருந்தது இழப்பு. அந்த விசாரணை அவருக்கு நம்பிக்கை தராமல் இருந்திருக்கலாம். நம்பிக்கை இல்லாத மன்றத்திலும் நம் வாக்குமூலத்தைப் பதிய வைப்பதுதான் அறிவு. எழுந்து நடந்தது ஒரு மாலைப்பொழுதுச் செய்தி. எழுதி வைத்திருந்தால் அது ஆவணம். ஆவணம் இல்லாத இடத்தில், 'ஆதாரம் இல்லை' என்ற ஒரு வரியே கடைசி வரியாக நின்றுவிடுகிறது. ஒடுக்கப்பட்டவர்கள் எங்கிருந்தாலும் செய்யும் தவறு இது: உணர்ச்சியை ஊருக்கே காட்டுவோம், ஆதாரத்தைச் சேர்த்து வைக்க மறப்போம்.

ஒன்பது நாள் கழித்து...

வில்லெம்சே எழுந்து போன ஒன்பதாம் நாள், 2018 மே 28. தென்னாப்பிரிக்க அணிக்குப் புதிய தலைவரைப் பயிற்சியாளர் ராசி எராஸ்மஸ் அறிவித்தார். பெயர் சியா கொலிசி. முதல் டெஸ்ட் ஆடி 127 ஆண்டுகள் கழித்து, டெஸ்ட் அணிக்கு முதல் கறுப்பினத் தலைவர்!

உடனே பழைய பல்லவி எழுந்தது: அரசியலுக்காகக் கொடுத்த பதவி, கணக்குக் காட்டக் கொடுத்த பதவி! ரக்பி நிர்வாகம் 2019-க்குள் அணியில் பாதி இடம் வெள்ளையர் அல்லாதோருக்கு என்று இலக்கு வைத்திருந்ததால், தரம் கெட்டது, ஸ்பிரிங்பாக் ஒழிந்தது என்று ஒப்பாரி வைத்தவர்களும் உண்டு.

என்ன நடந்தது? 2019 நவம்பர் 2, ஜப்பானின் யோகோஹாமா. உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இங்கிலாந்தை 32-12 என்று வீழ்த்தினார்கள். இறங்கிய 15 பேரில் 6 பேர் வெள்ளையர் அல்லாதோர். அந்த ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா அடித்த இரண்டு டிரைகளும் மகசோலே மபிம்பியும் செஸ்லின் கோல்பேயும் அடித்தவை. கோப்பையைத் தூக்கியவர் கொலிசி. 2023-ல் பாரிஸில் நியூசிலாந்தை 12-11 என்று வென்று மறுபடியும் தூக்கினார். 'தரம் கெட்டுவிடும்' என்றவர்களுக்கு இரண்டு உலகக் கோப்பைகளே பதில்.

1995-ல் 1, 2007-ல் 2, 2019-ல் 6. வெள்ளையர் 10 சதவீதத்துக்கும் குறைவாக வாழும் நாட்டின் அணி இது. கதவு எவ்வளவு மெல்லத் திறக்கிறது என்று பாருங்கள். தானாகத் திறந்ததா? இல்லை. தள்ளினார்கள், திறந்தது. தள்ளியவர்களில் டோபியாஸ் ஒருவர். அவரை எதிர்த்து நின்ற பாகுபாடற்ற சங்கத்தாரும் அதே கதவைத்தான் மறுபக்கத்திலிருந்து தள்ளினார்கள். வில்லெம்சேயும் தள்ளினார். கோப்பையைத் தூக்கியவர் படம் சுவரில் தொங்குகிறது. தள்ளியவர்களின் தோள் வலியை யார் படம் பிடித்தார்கள்?

வாசகர்களே, நாற்காலியைப் பெறுவது ஒரு போராட்டம். அதில் நிமிர்ந்து உட்கார்வது இன்னொரு போராட்டம். முதலாவதற்குச் சட்டம் துணை வரும், இயக்கம் துணை வரும், ஊர்வலம் துணை வரும். இரண்டாவதில் மனிதன் பெரும்பாலும் தனியாகவே இருக்கிறான். அன்று மாலை அந்த மேசையில் வில்லெம்சே தனியாகத்தான் இருந்தார். தனியாகத்தான் எழுந்தார்.

உங்கள் அலுவலகத்தில், கல்லூரியில், சங்கத்தில் புதிதாக வந்து அமர்ந்திருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். எந்த மதமோ, எந்தச் சாதியோ, ஆணோ பெண்ணோ. 'எப்படி உள்ளே வந்தார்?' என்று அவர் காதுபடப் பேசுகிறார்களா? அவர் சொல்லும் கருத்து, வேறொருவர் வாயால் வந்தால்தான் எடுபடுகிறதா? அப்படியானால் அவர் எழுந்து போகும் நாள்வரை காத்திருக்காதீர்கள். அவர் பேசும்போது நீங்கள் தலை நிமிர்த்திக் கேளுங்கள். அதற்குச் சட்டமும் வேண்டாம், சதவீதமும் வேண்டாம்.

நாற்காலியை அரசு கொடுக்கலாம், நிர்வாகம் கொடுக்கலாம். மரியாதையைப் பக்கத்து நாற்காலிக்காரர்தான் கொடுக்க வேண்டும்!